நின்றுபோன அடுக்கு

பெயர் ரூஸ்பே கரிமியான். வயது இருபத்தேழு. பிறந்தது இஸ்ஃபஹானில். இப்போது இருப்பது ஸ்வீடனில், டெகர்ஃபோர்ஸ் என்கிற சின்ன இரும்பாலை ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மஞ்சள் கட்டடத்தின் மாடியில். ஊரில் இருக்கும் அக்கா மஹினுக்குத் தினமும் ஃபோனில் பேசியே எழுத்தாக்கி அனுப்புவான். அவள் மருந்துக்கடையில் நிற்கிறவள். காதில் வைத்துக் கேட்க நேரம் இருக்காது, படிக்கத்தான் முடியும். சாப்பிட்டேன், குளிர் இல்லை, வேலை நன்றாகப் போகிறது, அம்மாவிடம் சொல்லிவிடு. ஏறக்குறைய எல்லா நாளும் இதேதான்.

அந்த ஜூன் மாதம் மட்டும் ஒரு வரி கூடுதலாக வந்துகொண்டிருந்தது. 'அந்த எலும்பு இன்னும் முடியல.'

எலும்பு என்று அவன் சொன்னது டைட்டானியத்தில் செய்கிற பாதி இடுப்பெலும்பு. யாருக்காகச் செய்கிறார்கள் என்பது அவன் வேலை செய்யும் பட்டறையில் எவருக்கும் தெரியாது. மருத்துவமனைக் காகிதத்தில் எண் மட்டும்தான் இருக்கும். ஆனால் மேசைமேல் அந்த ஆளின் எலும்பைப் போலவே பிளாஸ்டிக்கில் வார்த்த மாதிரி ஒன்று கிடந்தது. புற்றுநோய் தின்ற பகுதி சிவப்பு. அதைக் கையில் எடுத்தவர்கள் உடனே கீழே வைத்துவிடுவார்கள். அவ்வளவு சிறியது. வளர்ந்து முடித்த ஆளுடையதாக இருக்க வழியில்லை.

கோத்தன்பர்க்கில் இருக்கும் அறுவை மருத்துவர் ஹெட்வால் முதலிலேயே தெளிவாகச் சொல்லியிருந்தார். மருந்து கொடுத்துக் கட்டியைச் சுருக்கியாகிவிட்டது. அடுத்த மருந்துக்கு முன்னால் கிடைக்கிற இடைவெளியில் அதை வெட்டியெடுத்து இந்த உலோக எலும்பைப் பொருத்த வேண்டும். ஜூலை தொடங்கினால் விடுமுறை. அறுவை அறைகளில் பாதி மூடிவிடும், தாதிகளில் பாதிப்பேர் கடலோரத்தில் இருப்பார்கள். ஆகஸ்ட் வரைக்கும் கட்டி சும்மா இருக்காது.

ஆகவே மிட்சம்மர் என்கிற கோடைப் பண்டிகையின் முதல் நாள் காலை இயந்திரத்தில் வேலை தொடங்கியது. பண்டிகை முழுக்க அது ஆளில்லாமல் ஓடும். பொறுப்புப் பொறியாளர் டூவே, ரூஸ்பேவைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவள், மதியமே கிளம்பிவிட்டாள். அவள் பெற்றோரின் கோடைவீடு ஏரிக்கு நடுவில் ஒரு தீவில் இருந்தது.

"வீட்டுக்குள்ள ஃபோன் எடுக்காது. படகுத்துறைக்கு வந்தாதான் கிடைக்கும்," என்றாள். "நீ இங்கயே காவல் கிடக்க வேணாம். ஏதாவது ஆச்சுன்னா அதுவே உன் ஃபோனுக்குச் சொல்லும். போய் ஹெர்ரிங் மீன் சாப்பிடு."

அவள் போன பிறகு ரூஸ்பே இயந்திரத்தின் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றான். உள்ளே காற்று கிடையாது, உலோகத்தில் ஆக்சிஜன் சேராமலிருக்க ஆர்கான் வாயு மட்டும். சாம்பல்நிற மாவு போன்ற உலோகப் பொடியை ஒரு தகடு மெல்லிசாகப் பரப்பும். லேசர் புள்ளி அதன்மேல் கோலம் போடுவதுபோல ஓடும். ஓடின இடமெல்லாம் பொடி உருகி, கண்ணிமைப்பதற்குள் உறைந்துவிடும். பிறகு மறுபடியும் பொடி, மறுபடியும் லேசர். தலைமயிர்த் தடிமனுக்கும் குறைவான அடுக்குகளாக எலும்பு கீழிருந்து எழும்பி வரும்.

"என்ன, வரலையா? அதுக்குத் தாலாட்டுப் பாடிட்டு இருக்கியா?"

பொர்யே. கடைசல் பிடிப்பவர், அறுபதைத் தாண்டியவர். அதே கூரைக்குக் கீழே வெல்டிங் பட்டறை இருந்த காலத்திலிருந்து இங்கேயே இருக்கிறவர்.

"நீங்க போங்க. நான் கொஞ்சம் பாத்துட்டு வரேன்."

"மறுபடியும் நீங்க. நான் ஒரு ஆளுதான்டா. உனக்கு ரெண்டா தெரியறேனா? இன்னும் ஒரு சொட்டுகூடக் குடிக்கல நான்."

அந்த ஊரில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் பேசுவார்கள், முதலாளியைக்கூட. நரைத்த தலையைப் பார்த்து நீ என்று சொல்ல ரூஸ்பேவுக்கு நாக்கு வராது.

"கிளம்பு. சைக்கிள எடு. நான் விளக்கையெல்லாம் அணைச்சிட்டுப் பின்னாடியே வரேன்," என்றார் பொர்யே.

பூங்காவில் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நிறுத்தியிருந்தார்கள். கிழவர்களும் குழந்தைகளும் அதைச் சுற்றித் தவளைபோல் குதித்தார்கள். புது உருளைக்கிழங்கின் மேல் வெண்ணெய் உருகி ஓடியது. பொர்யே இழுத்த இழுப்புக்கு ரூஸ்பேவும் இரண்டு சுற்று குதித்தான். வியர்த்ததும் சட்டைமேல் போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றி ஒரு பிர்ச் மரக் கிளையில் மாட்டினான். ஃபோன் அதன் பையில் இருந்தது.

ஸ்ட்ராபெரியை மஹினுக்குப் படம் எடுத்து அனுப்பலாம் என்றுதான் அதை எடுத்தான். திரை சிவப்பாக இருந்தது. இயந்திரம் நின்று வெகுநேரம் ஆகியிருந்தது.

பட்டறைக்கு அவன் எப்படி சைக்கிள் மிதித்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. உள்ளே ஒரு சத்தமும் இல்லை. ஆக்சிஜன் அளவு கூடிவிட்டது, லேசரை அணைத்துவிட்டேன் என்று திரையில் எழுதியிருந்தது. ஆர்கான் குழாயைத் தொடர்ந்துகொண்டு சுவர்வரை போனான். பெரிய வால்வின் கைப்பிடி குறுக்காக நின்றது. யாரோ மூடியிருக்கிறார்கள்.

திறந்தான். குழாய் சீறியது. ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தான். வெள்ளியாக இருக்க வேண்டிய எலும்பின் மேல்முகம் ஆக்சிஜன் பட்டு லேசாக வைக்கோல் நிறம் அடித்திருந்தது. தொட்டால் சுடுகிற நிலையில் இருந்தது இப்போது நன்றாக ஆறிப்போயிருக்கும். ஆக்சிஜன் எண் மெதுவாக இறங்கிக்கொண்டே வந்து, கடைசியில் பச்சையானது. திரை கேட்டது: தொடரலாமா, நிறுத்தலாமா?

நடுவில் நின்ற வேலையைத் தொடர்வதா என்பதை டூவேதான் சொல்ல வேண்டும் என்பது விதி. கூப்பிட்டான். போகவில்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். மேசையைப் பார்த்தான். அந்தச் சின்னப் பிளாஸ்டிக் எலும்பு, சிவப்புப் பக்கம் மேலே தெரிய, கிடந்தது.

தொடரலாம் என்பதை அழுத்தினான். தகடு பொடியைப் பரப்பியது. வெள்ளைப் புள்ளி மறுபடியும் ஓடத் தொடங்கியது. அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

உட்கார்ந்தபடியே மஹினுக்குப் பேசினான். ஃபோன் அதை எழுதிக்கொண்டது.

"அக்கா, இது கொத்தனார் வேலை மாதிரி, ஒண்ணுமேல ஒண்ணு அடுக்கறது இல்ல. லேசர் புதுப் பொடிய மட்டும் உருக்காது, கீழ ஏற்கனவே உறைஞ்சிருக்கறதையும் கொஞ்சம் உருக்கும். அது மறுபடி உறையறப்போ கீழ இருக்கற படிகம் எந்தப் பக்கம் பாத்து நிக்குதோ, அதே பக்கம் பாத்து மேல வளரும். ஜன்னல் கண்ணாடில பனி பூத்து ஏறுமே, அப்படி. நூறு அடுக்கு போனாலும் அது ஒரே படிகம்தான், தூண் மாதிரி. இப்போ நடுவுல ஆறிப்போச்சு. ஆறினா எலும்பு துளி சுருங்கும். சுருங்கினா அடுத்த பொடி கொஞ்சம் தடியா விழும். லேசர் அடி வரைக்கும் எட்டுச்சா இல்லையான்னு தெரியல."

பதில் உடனே வந்தது. 'ஒட்டியிருக்குமா?'

'தெரியல.'

'நீ சாப்பிட்டியா?'

மறுநாள் படகுத்துறையிலிருந்து டூவே கூப்பிட்டாள். அவன் சொன்னதை முழுக்கக் கேட்டாள். "வரேன்," என்று மட்டும் சொன்னாள்.

அவள் வந்து சேர்ந்தபோது இயந்திரம் கடைசி அடுக்குகளில் இருந்தது. பண்டிகைக்குப் போட்ட வெள்ளைப் பாவாடையை மாற்றவில்லை. காரின் பின்சீட்டில் வாடிய பூவளையம் கிடந்தது. பொர்யேவும் வந்திருந்தார், ரூஸ்பே அவரையும் கூப்பிட்டிருந்தான்.

"வால்வை யார் மூடினது?" என்றாள் டூவே.

"நான்தான். வேற யாரு," என்றார் பொர்யே. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "கடைசியா வெளிய போறவன் வாயுவ மூடணும். வந்த முதல் நாள்லேருந்து அப்படித்தான். வெல்டிங் காலத்துல மறந்துட்டுப் போனா மறுநாள் மேஸ்திரி தோலை உரிச்சிருவான். விளக்க அணைச்சேன், ரேடியோவ அணைச்சேன், கை தானா அங்க போயிருச்சு. மூடினதே எனக்கு ஞாபகம் இல்ல."

"உன் கைக்கு ஒரு பாஸ்வேர்டு போட்டு வைக்கணும்."

"போடு. எனக்குச் சொல்லாத."

யாரும் சிரிக்கவில்லை. டூவே ரூஸ்பே பக்கம் திரும்பினாள்.

"நீ ஏன் தொடர்ந்த?"

"நிறுத்தினா அது செத்த மாதிரி. தொடர்ந்தா, ஒருவேளை…"

"சரி. அந்த ஒருவேளைய வெட்டிப் பாப்போம்."

எலும்பை எழுப்பும்போது அதே தட்டில், அதே பொடியில், பக்கத்திலேயே விரல் தடிமனில் சில கம்பிகளையும் எழுப்புவார்கள். சாட்சிக் கம்பி என்பார்கள். எலும்பு நின்ற அடுக்கில்தான் கம்பியும் நின்றிருக்கும். எலும்பை வெட்டாமல் கம்பியை வெட்டி உள்ளே என்ன நடந்தது என்று பார்த்துக்கொள்ளலாம்.

ரூஸ்பே கம்பியை நெடுக்காகப் பிளந்தான். குறுக்கே வெட்டினால் தூண்களின் தலைகள் மட்டும் வட்டம் வட்டமாகத் தெரியும், எல்லாம் அழகாகவே இருக்கும். பிளந்த பாதியைப் பிசினில் பதித்து, ஈரமான உப்புத்தாளில் தேய்த்தான். கரடுமுரடான தாள், அதைவிட மென்மையான தாள், பிறகு துணி. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு வந்தது. தன் முகத்தை அதில் பார்க்கப் பிடிக்காமல் திருப்பி வைத்தான்.

அடுத்தது அமிலம். டைட்டானியத்தை அரிக்கிற அந்த அமிலம் தோலைத் தாண்டி எலும்புக்குள்ளும் போகும் என்பதால் இரட்டைக் கையுறை. சில நொடி நனைத்து, கழுவி, உலர்த்தி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தான். படம் திரையில் விழுந்தது.

தூண்கள் தெரிந்தன. கீழ்விளிம்பிலிருந்து மேல் நோக்கி, ஒன்றோடொன்று தோள் உரசிக்கொண்டு ஏறும் நீண்ட வெளிர்நிறத் தூண்கள். ஒவ்வொரு தூணுக்குள்ளும் பைன் மர ஊசிகளைக் கொட்டிவைத்ததுபோல மெல்லிய ஊசிகள், குறுக்கும் நெடுக்குமாக. சட்டென்று ஆறும்போது டைட்டானியம் அப்படித்தான் உறையும். டூவே மைக்ராஸ்கோப்பின் தட்டை மெல்ல நகர்த்தினாள். மேலே, இன்னும் மேலே.

"இதோ," என்றாள்.

ஒரு கோடு. நின்ற இடம். மங்கலாக, ஏரி வற்றின கரையில் தண்ணீர் நின்ற தடம் மாதிரி இருந்தது. தூண்கள் அதைத் தாண்டி ஏறியிருந்தன. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. உடையாமல், திரும்பாமல், அதே திசையில்.

"ஏறியிருக்கு," என்றான் ரூஸ்பே. திரையில் விரலை வைத்தான். "பாரு, தாண்டி ஏறியிருக்கு."

"இரு."

அவள் கோட்டோடு பக்கவாட்டில் நகர்ந்தாள். ஓரத்துக்கு வந்தாள். அங்கே ஒரு தூண் பாதியில் நின்றுபோயிருந்தது. அதற்கு மேலே வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு சின்னச் சின்னப் படிகங்கள் புதிதாகத் தொடங்கியிருந்தன. இரண்டுக்கும் நடுவில், மூடின கண் மாதிரி, மெல்லிய கறுப்புப் பிளவு.

பொர்யே திரைக்கு அருகே குனிந்தார்.

"இது என் வேலையா?" என்றார்.

"ஆறிப்போனதோட வேலை," என்றாள் டூவே.

"சூடாக்கி நாலா பக்கமும் அழுத்தினா மூடிக்காது?"

"மூடிக்கும். ஒட்டுமான்னு சொல்ல முடியாது. உள்சுவர்ல ஆக்சிஜன் படிஞ்சிருந்தா, கதவு சாத்தியிருக்கும், தாழ்ப்பாள் இருக்காது. அந்த ஆளு நடக்கணும், பொர்யே. அடி எடுத்து வைக்கற ஒவ்வொரு தடவையும் அது துளித் துளியாத் திறக்கும்."

"ஒரு கம்பில ஒரு பிளவு," என்றான் ரூஸ்பே. "எலும்புல இல்லாமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"ஸ்கேன்ல பாத்தா?"

"இவ்வளவு மெல்லிசா இருந்தா, அத்தனை தடியான உலோகத்துல தெரியாது. உனக்கே தெரியும்."

அவனுக்குத் தெரியும். அதனால்தான் கேட்டான். அவனை உறுத்தியது அந்தப் பிளவு மட்டும் அல்ல. அன்று நிறுத்தலாம் என்பதை அழுத்திவிட்டு, படகு பிடித்துப் போய் இவளைக் கூட்டி வந்திருந்தால், இந்நேரம் புது எலும்பு பாதி எழும்பியிருக்கும். இருக்கிற கொஞ்ச நாளில் ஒரு பகுதியை அவனுடைய நம்பிக்கை தின்றுவிட்டது. அதை வாய்விட்டும் சொன்னான்.

டூவே யோசித்தாள். "ஆமா, கொஞ்சம் நேரம் போச்சு," என்றாள். அவள் பொய் சொல்லாதது அவனுக்கு ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்தது. "ஆனா புதுசா ஆரம்பிக்க, பண்டிகை நடுவுல பொடி சலிக்க ஆள் யாரு? அது ரெண்டு பேர் வேலை. நீ படகுல வந்து சேர்ந்திருந்தா, எங்கப்பா முதல்ல உனக்கு ரெண்டு கிளாஸ் ஊத்தியிருப்பாரு."

பிறகு ஹெட்வாலைக் கூப்பிட்டாள். ஃபோனை மேசைமேல், பிளாஸ்டிக் எலும்பின் பக்கத்தில் வைத்துப் பேசினாள். நடந்ததை அப்படியே சொன்னாள், ஒன்றையும் குறைக்கவில்லை. மறுமுனையில் மருத்துவர் நாட்காட்டியைப் புரட்டுவது கேட்டது.

"திரும்ப எழுப்ப முடியுமா?"

"இன்னைக்கே ஆரம்பிச்சா முடியும். நடுவுல எதுவும் நிக்கக் கூடாது."

"அறுவை அறைய மூடறதுக்கு முன்னால எனக்கு ஒரு வெள்ளிக்கிழமை இருக்கு. அது கடைசி. அது போனா என் கையில ஒண்ணும் இல்ல." மூச்சு விடும் சத்தம் கேட்டது. "அந்தப் பொண்ணுகிட்ட நான் என்ன சொல்றது?"

பொண்ணு. அதுவரை எண்ணாக இருந்தது அது. பொர்யே தொப்பியை மேசைமேல் வைத்தார்.

ரூஸ்பே குனிந்து ஃபோனுக்குச் சொன்னான். அவனுடைய ஸ்வீடிஷ் அப்போது வழக்கத்தைவிட மோசமாக இருந்தது.

"ஒண்ணு செஞ்சோம், அத நாங்க நம்பல, அதனால குடுக்கலன்னு சொல்லுங்க. இன்னொண்ணு செய்யறோம்."

"சரி," என்றார் ஹெட்வால். "அப்படியே சொல்றேன்."

அன்று மாலைக்குள் இயந்திரத்தின் உள்ளே துடைத்து, புதுத் தட்டு மாட்டி, பொடியைச் சலித்து நிரப்பினார்கள். முகமூடிக்குள் பொர்யே இருமிக்கொண்டே இருந்தார். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அவர் ஒரு நாற்காலியை இழுத்து வால்வுக்கு நேர் எதிரே போட்டு, காப்பிக் குடுவையோடு உட்கார்ந்தார்.

"வீட்டுக்குப் போங்க," என்றான் ரூஸ்பே. "நான் இருக்கேன்."

"என் கைய நம்பி வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். இங்கயே கண்ணு முன்னாடி வெச்சுக்கறேன்."

எலும்பு எழும்பும்வரை இரண்டு பேரும் மாறி மாறித் தூங்கினார்கள். மஹினுக்குப் போன செய்திகள் அந்த நாட்களில் ஒரே வரிதான். 'ஓடுது.' அவளும் ஒரே வரியில் பதில் போட்டாள். 'அம்மா கேக்கறா, அந்தப் பொண்ணு பேர் என்னன்னு.' அவனுக்குத் தெரியாது.

புதிய கம்பியையும் நெடுக்காகப் பிளந்தான். அடியிலிருந்து நுனிவரை, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை, ஓர் இடம் விடாமல் பார்த்தான். தூண்கள் எங்கும் நிற்காமல் ஏறியிருந்தன. டூவே அவனுக்குப் பிறகு உட்கார்ந்து மறுபடியும் முழுக்கப் பார்த்தாள். பிறகுதான் எலும்பு பதப்படுத்தும் சூளைக்குப் போனது. திருகு உட்காரும் குழிகளைப் பொர்யே கடைந்தார். கழுவி, பெட்டியில் வைத்து மூடியதும், டூவே அதைத் தன் காரின் முன்சீட்டில் வைத்துப் பெல்ட் போட்டு எடுத்துப் போனாள். பிளாஸ்டிக் எலும்பும் அதோடு போயிற்று. மேசையில் அது கிடந்த இடம் வெறுமையாக இருந்தது.

பழைய எலும்பு மிச்சம். தப்பித் தவறி யார் உடம்புக்குள்ளும் போய்விடாதபடி அதை அறுத்துப்போட வேண்டும். பொர்யே ரம்பத்தை ஓட்டப் போனபோது, நான் அறுக்கிறேன் என்றான் ரூஸ்பே. நின்ற அடுக்கின் மேலாகவே அறுத்தான். வெட்டுமுகத்தைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தான். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பளபளவென்றுதான் இருந்தது.

"நல்லா இருந்திருக்குமோ?" என்றார் பொர்யே.

"இருந்திருக்கலாம்," என்றான். இரண்டு துண்டையும் கழிவுத் தொட்டியில் போட்டான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஹெட்வாலிடமிருந்து டூவேவுக்கு ஒரு செய்தி வந்தது. 'பொருந்திவிட்டது. தூங்குகிறாள்.' அதற்கு மேல் எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் எதுவும் வரவில்லை. வரவும் வராது, அது அவர்கள் வழக்கம். ரூஸ்பே அதை மஹினுக்கு அனுப்பினான். அவள் அழுததாகவும், கடைக்கு வந்தவர்கள் என்னவோ என்று பயந்துவிட்டதாகவும் எழுதினாள்.

ஜூலையில் பட்டறை மூடுவதற்கு முன்னால் அவன் ஒரு காரியம் செய்தான். ஸ்வீடிஷில் எழுத அவனுக்கு இன்னும் கூச்சம், எழுத்துப் பிழை வரும். வால்வுக்கு முன்னால் நின்று ஃபோனில் பேசி எழுத வைத்து, அதைத் தாளில் அச்செடுத்தான். டூவே படித்துவிட்டு ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பொர்யே டேப்பைக் கிழித்துக் கொடுத்தார். அது இன்றைக்கும் அந்தச் சுவரில் இருக்கிறது, ஓரம் மஞ்சளாகிப்போய்.

'என் பெயர் ரூஸ்பே. என் எண் கீழே இருக்கிறது. இதைப் படிப்பது யாராக இருந்தாலும், கடைசியாக வெளியே போகிறவர் நீங்களாகவே இருந்தாலும், இயந்திரம் ஓடும்போது இந்த வால்வை மூடாதீர்கள். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள்.'